கிரயமும் பாத்தியமும்

திண்டிவனத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தின் வெளியே, மரநிழலில் சாய்மேசையைப் போட்டு அமர்ந்து முத்திரைத்தாளில் கிரய சாசனங்களை எழுதித் தந்த பழைய பத்திர எழுத்தர்களின் வாசகத்தை ஒருமுறையேனும் காதாரக் கேட்டவர்கள், ஒரு பொருளை விற்பது என்றால் என்ன என்பதைச் சட்டப் புத்தகம் ஒன்றையும் புரட்டாமலே அறிந்திருந்தார்கள். நான்கெல்லைகளைக் கூறி, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் கூறி முடித்தபின், எழுத்தர் தம் குரலைச் சற்றே உயர்த்தி வாசிக்கும் பகுதி மூன்று கூறுகளைக் கொண்டது. சொத்தின் சுவாதீனம் இன்றே ஒப்படைக்கப்பட்டது என்பது முதலாவது. இன்று முதல் வாங்கியவரே சர்வ சுதந்திர பாத்தியங்களுடன், தான விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்பது இரண்டாவது. பின்னிட்டு யாதொரு வில்லங்கம் தோன்றினாலும் விற்றவரே முன்னின்று தம் சொந்தச் செலவில் நிவர்த்தித்துத் தருவார் என்பது மூன்றாவது. பொருளையும் உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டுப் பொறுப்பை மட்டும் விடாதிருப்பதே நம்மவர் கண்ட கிரயம்.

இந்த வாசகம் நேற்றுப் பிறந்ததன்று. சோழர் காலத்து நிலவிற்பனைக் கல்வெட்டுகளைப் படிப்போர், மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த இடமும் உள்ளிட எதையும் ஒழிக்காமல் விற்றுக் கொடுத்தோம் என்று அக்காலத்து ஊர்ச்சபையார் சொல்லி முடிக்கும் முறையை நன்கு அறிவார்கள். பத்திரம் எழுதும் வழக்கமில்லாத அசையும் பொருள்களுக்கும் இதே நியாயம் வாய்ச்சொல்லாகவே நிலவி வந்தது. செஞ்சிச் சந்தையில் மாட்டைப் பிடித்துக் கொடுப்பவன், பணத்தை எண்ணி மடியில் கட்டிக்கொண்டபின் கயிற்றை வாங்கியவன் கையில் கொடுப்பான். கயிறு கைமாறிய அந்தக் கணத்திலிருந்து அந்த மாட்டை எந்த ஏரில் பூட்டுவது, எந்தத் தொழுவத்தில் கட்டுவது என்பதில் விற்றவனுக்குப் பேச்சில்லை. ஆனால் மாடு நோயுள்ளதென்று மறுவாரம் தெரியவந்தால், அதே சந்தையில் பத்துப் பேர் முன்னிலையில் அவன் பதில் சொல்லியாக வேண்டும்.

கைப்பேசி என்னும் சிறு கருவி நம் ஊர்களுக்கு வந்து, அதன் உள்ளே மென்பொருள் என்னும் கண்காணாப் பொருள் குடியேறி, வாங்கியவன் உறங்கும் வேளையிலே அதைச் செய்தவன் அதை மாற்றியமைக்கும் காலம் பிறந்திருக்கிறது. இவ்வளவும் எப்படி நேர்ந்தது என்பதை, மேற்சொன்ன மூன்று வாசகங்களையும் அளவுகோலாகக் கொண்டு, விழுப்புரம், திண்டிவனம் என்னும் இரண்டு ஊர்களின் கடைவீதி வழியாகவே பார்த்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

திந்திரிணி என்னும் புளியமரம் செறிந்த வனமாயிருந்து பெயர் பெற்ற திண்டிவனத்திற்கு, வேளாண்மை உலகில் வேறொரு புகழும் உண்டு. மல்லாட்டை என்று எங்கள் பக்கத்தில் வழங்கும் நிலக்கடலையில், டி.எம்.வி. என்ற எழுத்துகளைத் தாங்கிய இரகங்களின் பிறப்பிடம் இவ்வூரின் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம்; அவ்வெழுத்துகள் திண்டிவனத்தையே குறிக்கின்றன. குடியாத்தம் பகுதிக் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1940ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட டி.எம்.வி. 2 இந்தியாவின் பல மாகாணங்களிலும் பரவியது. அதன்பின் புதிய எண்களைத் தாங்கிய புதிய இரகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எண்ணிட்டு வெளியாகும் புதுப்பதிப்புகள் என்ற வகையில் இவையும் இன்றைய மென்பொருள் பதிப்புகளைப் போன்றவையே. ஆயினும் புதிய விதையை விதைப்பதா, பழைய விதையோடு இன்னொரு பட்டம் பார்ப்பதா என்று தீர்மானித்தவன் உழவனே. பழைய விதை அவன் வீட்டுக் குதிரில் இருந்தது. அதை எடுத்து வைக்கவும், விதைக்கவும், பக்கத்துக் கொல்லைக்காரருக்குக் கொடுக்கவும் அவனுக்கு இருந்த பாத்தியத்தை 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் எழுத்திலும் வடித்துக் கொடுத்தது. புதுப்பிப்பு என்பது நம் ஊருக்குப் புதிதன்று என்பதையும், அது வாங்கியவனின் சம்மதத்தோடு நடந்தது என்பதையும் சொல்லவே இதை இங்கே நினைவூட்டினேன்.

வானொலிப் பெட்டி வந்தபோது நிலைமை சற்றே மாறியது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்தின் கீழ், பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அவ்வழக்கம் 1980களில்தான் ஒழிந்தது. அரசாங்கத்தின் கை பெட்டியின் மேல் இருந்தது உண்மையே. ஆனால் அந்தக் கை கண்ணுக்குத் தெரிந்த கை. புத்தகத்தில் தேதியிட்டு முத்திரை குத்திய கை. பெட்டியின் உள்ளேயோ எவர் ஆதிக்கமும் இல்லை. முதுகுப் பலகையைக் கழற்றினால் மின்சுற்றின் படம் உட்புறம் ஒட்டப்பட்டிருந்த பெட்டிகள் பல. அதைப் பார்த்தே வால்வை மாற்றக் கற்றுக்கொண்டவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். கிணற்று மோட்டார் எரிந்துபோனால் காயில் கட்டித் தரும் கடைகளும் இப்படித்தான் தழைத்தன. கருவியைச் செய்த ஆலை எங்கோ தூரதேசத்தில் இருக்க, அதன் அந்தரங்கம் முழுவதும் உள்ளூர்க் கம்மியனின் விரல்நுனியில் இருந்த காலம் அது.

இந்தியாவில் முதல் கைப்பேசி அழைப்பு 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் தேதி கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் இடையே நிகழ்ந்தது. அது எங்கள் ஊர்ச் சாமானியரின் சட்டைப்பைக்கு வந்துசேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. எஸ்.டி.டி. பூத்தின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னே நின்று, ஏறிக்கொண்டே போகும் சிவப்பு எண்களைப் பார்த்தபடி அவசர அவசரமாகப் பேசிப் பழகிய மக்களுக்கு, 2003ஆம் ஆண்டு இரண்டு விதமான கைப்பேசிகள் அறிமுகமாயின. ஒன்று, ரிலையன்ஸ் நிறுவனம் மலிவாகக் கொடுத்த சி.டி.எம்.ஏ. கைப்பேசி, தவணையில் வாங்கலாம், ஆனால் அந்நிறுவனத்தின் இணைப்பைத் தவிர வேறெதுவும் அதில் இயங்காது. மற்றொன்று, நோக்கியா 1100. தலையில் ஒரு டார்ச்சு விளக்கும், தூசு புகாத இரப்பர் விசைப்பலகையும் கொண்டது. எந்தச் சிம் அட்டையையும் போடலாம். கழனிக்கட்டில் இரவில் மடை திறக்கப் போகிறவனுக்குப் பேசவும் பயன்பட்டது, வழி காட்டவும் பயன்பட்டது. மாட்டைக் கொடுத்துவிட்டுக் கயிற்றின் மறுநுனியைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் புதிய வாணிபத்தை எங்கள் பக்கத்து மக்கள் முதன்முதலில் கண்டது அந்தச் சி.டி.எம்.ஏ. கைப்பேசியில்தான்.

அந்த ஆண்டுகளில்தான் விழுப்புரம் நேருஜி சாலையிலும் திண்டிவனம் நேரு வீதியிலும் கைப்பேசி பழுது பார்க்கும் தொழில் வேரூன்றியது. தெற்கே போகும் இருப்புப்பாதைகள் விழுப்புரத்தில் பிரிய, நெடுஞ்சாலையில் சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவழியில் இருந்த இவ்வூர்களில், சென்னை ரிச்சி தெருவிலிருந்து உதிரிப்பாகங்கள் காலைப் பேருந்தில் ஏறி மதியத்திற்குள் வந்து சேர்ந்துவிடும். வானொலிக் கம்மியரின் பிள்ளைகளும் மாணாக்கருமே பலர் இத்தொழிலுக்கு வந்தார்கள். சார்ஜிங் பின் மாற்றுவது, டிஸ்ப்ளே மாற்றுவது, சூடான காற்றை ஊதி ஐ.சி.யைப் பெயர்த்து வைப்பது என்ற கைவேலைகளோடு, சாஃப்ட்வேர் அடிப்பது என்ற புதுவேலையும் சேர்ந்தது. கைப்பேசி உறைந்து நின்றுவிட்டால், ஒரு சிறு பெட்டியின் வழியாகக் கணினியோடு அதை இணைத்து, மென்பொருளை முற்றாக அழித்துப் புதிதாக ஏற்றுவார்கள். பழைய பதிப்பு வேண்டுமென்றால் பழையது. புதியது வேண்டுமென்றால் புதியது. மென்பொருளும் அக்காலத்தில் வால்வைப் போல, காயிலைப் போல, கம்மியனின் கைக்கு அடங்கிய பொருளாகவே இருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014ஆம் ஆண்டு நவம்பரில் மூடப்பட்டபோது, ஓர் ஆலையோடு அந்த யுகமும் முடிந்தது என்று சொல்லலாம்.

ஏனெனில் அதற்குள் 2008ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு வந்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் எங்கும் பரவி, கம்பியில்லாமல் வான்வழியாகவே புதுப்பிப்பை இறக்கும் முறையும் பரவிவிட்டது. இந்த முறையினால் தமிழர்க்கு நேர்ந்த முதற்சங்கடம் எழுத்தைப் பற்றியது. தொடக்கக்கால ஆண்ட்ராய்டு கருவிகள் பலவற்றில் தமிழ் எழுத்து தெரியாது. எழுத்திருக்க வேண்டிய இடத்தில் பெட்டி பெட்டியாக நிற்கும், அல்லது ஒற்றைக்கொம்பு ஒருபுறமும் உயிர்மெய் மறுபுறமுமாகச் சிதறி நிற்கும். 2005ஆம் ஆண்டிலேயே மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் செல்லினம் என்னும் செயலியின் வழியே கைப்பேசியில் தமிழை எழுத வைத்துவிட்டார் என்றாலும், கருவியின் அடிப்படை மென்பொருளில் தமிழ் சேர்வது செய்தவனின் விருப்பத்தைப் பொறுத்ததாயிருந்தது. பின்வந்த பதிப்புகளில் இக்குறை தீர்ந்தது. 2014ஆம் ஆண்டு வெளியான ஆண்ட்ராய்டு 5.0 பதிப்பில் தமிழ் அதன் மொழிகளுள் ஒன்றாகவே இடம்பெற்றது. ஆனால் கைப்பேசியைச் செய்த நிறுவனம் அப்பதிப்பை அனுப்பினாலன்றி வாங்கியவனுக்கு அது கிட்டாது. அப்பதிப்பு அனுப்பப்படாத கைப்பேசிகளை வைத்திருந்தவர்கள், ஓபரா மினி என்னும் உலாவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டு என்ற ஒரு வரியை மாற்றிவைத்துத் தமிழைப் படித்தார்கள். இந்த உபாயத்தைக் கல்லூரி மாணவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்ததை நான் அறிவேன். தாய்மொழியைப் படிப்பதற்கே பின்வாசல் வழியாகப் புக வேண்டியிருந்தது அன்றைய நிலை.

இன்றைய நிலையை ஒரு காட்சியால் சொல்கிறேன். சென்ற ஆண்டு, திண்டிவனம் பேருந்து நிலையத்தை அடுத்த ஒரு சிறு கடையில், பேருந்துக்குக் காத்திருந்த நேரத்தில் நான் அமர்ந்திருந்தேன். மயிலம் பக்கத்திலிருந்து வந்த முதியவர் ஒருவர், மஞ்சள் பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய கைப்பேசியை எடுத்து மேசையின் மேல் வைத்தார்.

"தம்பி, ராவு நல்லாத்தான் இருந்துச்சி. காலீல பாத்தா எழுத்தெல்லாம் மாறிப் பூடுச்சி. பேத்தி போட்டோ எங்க இருக்குதுன்னே தெரியல."

கம்மியர் பிள்ளை அதைக் கையில் எடுத்து இரண்டு முறை தள்ளிப் பார்த்தார். "அப்டேட் ஆயிருக்குது பெரியவரே."

"நான் ஒண்ணியும் அமுக்கலியே!"

"நீங்க அமுக்க வாணாம். ராத்திரி சார்ஜ்ல போட்டு வச்சா அதுவே ஏறிக்கும்."

பேத்தியின் புகைப்படங்கள் கிடைத்தன. ஆனால் திரையில் முன்பில்லாத சூதாட்டச் செயலி ஒன்றும் கடன் தரும் செயலி ஒன்றும் புதிதாக முளைத்திருந்தன. அவற்றை அந்த இளைஞர் நீக்கினார். கூடவே இன்னும் சிலவற்றை நீக்க முயன்றபோது, நீக்கு என்ற சொல்லே அங்கே இல்லை; முடக்கு என்ற சொல் மட்டும் இருந்தது. முதியவர் கேட்டார்: "பழசாட்டம் மாத்திக் குடுத்துடேன்." இளைஞர் தலையை அசைத்தார். "அது நம்ம கையில இல்ல தாத்தா. கம்பெனி பூட்டி வச்சிருக்கான்."

முதியவர் சிறிது நேரம் மௌனமாயிருந்துவிட்டு, "பணம் குடுத்து வாங்குனது நான்தானே?" என்றார். அந்தக் கேள்விக்கு விடை சொல்லக் கூடியவர் அந்தக் கடையில் எவரும் இல்லை.

புதுப்பிப்பே வேண்டாவென்று சொல்பவன் விவரம் அறியாதவன் ஆவான். 2015ஆம் ஆண்டில் ஒரு படச்செய்தியை அனுப்பியே ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் புகுந்துவிடக் கூடிய ஸ்டேஜ்ஃபிரைட் என்னும் ஓட்டை வெளிப்பட்டபோதுதான், மாதந்தோறும் பாதுகாப்புத் திருத்தங்களை அனுப்பும் வழக்கத்தை கூகுள் தொடங்கியது. வங்கிக் கணக்கும் ஓய்வூதியமும் கைப்பேசிக்குள் வந்துவிட்ட இக்காலத்தில், திருட்டு வழியை அடைக்கும் திருத்தம் என்பது கிரய சாசனத்தின் மூன்றாம் வாசகமே. வில்லங்கத்தை விற்றவன் முன்னின்று நிவர்த்திப்பதே. அது கைப்பேசியைச் செய்தவன் செலுத்த வேண்டிய கடன். ஆனால் அந்தக் கடனைத் தீர்க்க வருபவன் அதே கையோடு வீட்டின் அறைகளை இடம் மாற்றுவதும், தனக்கு வேண்டியவரைத் திண்ணையில் குடிவைப்பதும் இரண்டாம் வாசகத்தை மீறுவது. மேல்நாட்டிலும் இந்த மீறல் கண்டிக்கப்பட்டிருக்கிறது. 2017ஆம் ஆண்டில் அனுப்பிய புதுப்பிப்பினால் பழைய மின்கலம் கொண்ட ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை அவ்வாண்டு டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. 2018ஆம் ஆண்டு இத்தாலியப் போட்டி ஆணையம் புதுப்பிப்பினால் கருவிகள் தளர்ந்ததற்காக ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் தண்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டு பிரான்சு ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ விதித்தது.

நீக்க முடியாத செயலிகளைப் பற்றிய வழக்கோ நம் நாட்டிலேயே நடந்தது. ஆண்ட்ராய்டு என்னும் அடிப்படை மென்பொருள் யாவர்க்கும் பொது. ஆயினும் அதில் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால், தேடுபொறி, குரோம், யூடியூப், மேப்ஸ், ஜிமெயில் முதலான கூகுளின் தொகுதி முழுவதையும் சேர்த்தே ஏற்றி, முகப்பில் அவற்றுக்கு முதன்மையான இடமும் தர வேண்டும் என்பது கைப்பேசி செய்வோர் கையெழுத்திட வேண்டியிருந்த ஒப்பந்தம். இந்த ஒப்பந்தத்தை ஆராய்ந்த இந்தியப் போட்டி ஆணையம், 2022ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதி கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்து, முன்பே ஏற்றிய செயலிகளை நீக்குவதைத் தடுக்கலாகாது என்பது உள்ளிட்ட பல கட்டளைகளையும் பிறப்பித்தது. 2023ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை வழங்க மறுத்தது. கூகுளும் தன் ஒப்பந்த விதிகளைத் தளர்த்துவதாக அறிவித்தது. ஆயினும் மார்ச் 29ஆம் தேதி தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துகொண்டே நான்கு கட்டளைகளை நீக்கிவிட்டது. நீக்கப்பட்ட நான்கில் ஒன்று, செயலிகளை நீக்கும் உரிமையைப் பற்றிய அந்தக் கட்டளை. அபராதம் அரசாங்கத்தின் பொக்கிஷத்திற்குப் போகும். உரிமை முதியவரின் துண்டில் சுற்றிய கைப்பேசிக்கு வந்துசேரவில்லை.

அரசாங்கமும் இந்த ஆசைக்கு அப்பாற்பட்டதன்று. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில், சஞ்சார் சாத்தி என்னும் அரசுச் செயலியைப் புதிய கைப்பேசிகள் அனைத்திலும் ஏற்றியே விற்க வேண்டுமென்று மத்தியத் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. திருட்டுப்போன கைப்பேசியைத் தேடவும் மோசடி அழைப்பைப் புகார் செய்யவும் பயன்படும் செயலிதான் அது. ஆனாலும் நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, டிசம்பர் 3ஆம் தேதி அந்தக் கட்டாயம் கைவிடப்பட்டது. நல்ல பொருளாயினும் கேளாமல் வீட்டுக்குள் வைக்கப்படலாகாது என்ற பழைய நியாயத்தை மக்கள் மறந்துவிடவில்லை என்பதற்கு அந்தச் சில தினங்களே சாட்சி.

புதுப்பிப்பு வருவது ஒரு சங்கடமென்றால், வராமல் நின்றுபோவது அதனினும் கொடிது. 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 1ஆம் தேதி முதல் ஆண்ட்ராய்டு 2.3.7க்கும் அதற்கு முந்திய பதிப்புகளுக்கும் வாட்ஸ்அப் ஆதரவை நிறுத்திக்கொண்டது. அதன்பின் வரம்பு மேலும் மேலும் உயர்ந்துகொண்டே வருகிறது. திரையும் மின்கலமும் திடமாயிருக்க, வளைகுடா நாட்டில் உழைக்கும் மகனின் முகத்தைக் காட்டும் வழி மட்டும் அடைபட்ட கைப்பேசிகளைக் கடைகளின் இழுப்பறைகளில் காணலாம். உடைந்த பொருளைச் சேர்த்து வைப்பது கம்மியன் தொழிலாயிருந்தது போய், உடையாத பொருளைக் கழித்துக் கட்டுவது அவன் தொழிலாகி வருகிறது. இதற்கு ஐரோப்பா கண்ட பரிகாரம் தெளிவானது: ஒரு மாதிரியின் விற்பனை நின்ற நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்கு அடிப்படை மென்பொருளின் புதுப்பிப்புகளைத் தந்தாக வேண்டும் என்ற விதி 2025ஆம் ஆண்டு ஜூன் 20 முதல் அங்கே நடப்பில் இருக்கிறது. நம் நாட்டில் 2022ஆம் ஆண்டு ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழுவை அமைத்து, வேளாண் கருவிகளோடு கைப்பேசிகளையும் அதன் வரம்பில் சேர்த்தது. ஆண்டு இறுதியில் அதற்கான இணையவாசலும் திறக்கப்பட்டது. ஆரம்பம் நல்லதே. ஆனால் அந்த உரிமை உதிரிப்பாகத்தோடு நின்றுவிடாமல், மென்பொருளையும் உட்கொண்டால்தான் நேரு வீதிக் கம்மியனுக்கு அதனால் பயனுண்டு.

நான் வேண்டுவது புதிய தத்துவம் ஒன்றையுமன்று. கைப்பேசியோடு கொடுக்கப்படும் ரசீதின் பின்புறத்தில், தமிழில், எங்கள் பத்திர எழுத்தர்கள் எழுதிய அந்த மூன்று வாசகங்கள் இருக்க வேண்டும். எதை ஏற்றுவது, எதை நீக்குவது, எந்தப் பதிப்பில் நிற்பது என்பது வாங்கியவர் இஷ்டம் என்று இருக்க வேண்டும். இன்ன ஆண்டு இன்ன மாதம் வரையில் பாதுகாப்புக் குறைகளை நாங்களே நிவர்த்திப்போம் என்று தேதியிட்டு இருக்க வேண்டும். அந்தத் தேதி கழிந்தபின் பூட்டின் திறவுகோலை வாங்கியவரிடம் ஒப்படைத்து, எந்தக் கம்மியரும் எந்த மென்பொருளையும் ஏற்றலாம் என்று இருக்க வேண்டும்.

அன்று மாலை மயிலம் பேருந்து வந்தபோது, முதியவர் கைப்பேசியைத் திரும்பவும் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டார். படியில் ஏறும்போது, தம் தகப்பனார் முக்கால் காணி வாங்கிய பத்திரம் வீட்டுத் தகரப்பெட்டியில் இருப்பதாகவும், மடிப்பெல்லாம் கிழிந்துபோனாலும் அதில் ஓரெழுத்தும் மாறவில்லை என்றும், என்னிடம் சொல்வது போலவும் தமக்குத்தாமே சொல்லிக்கொள்வது போலவும் சொல்லிக்கொண்டு போனார்.